60 விருந்தினர், ஒரு மாலை: அறிமுகத்துக்கு எந்த முறை?

தொழில் அமைப்புகளின் அழைப்பிதழில் "நெட்வொர்க்கிங், அதைத் தொடர்ந்து இரவு உணவு" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். இரவு உணவுக்கு கேட்டரர் யார், மெனு என்ன, தலைக்கு எவ்வளவு என்று எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். நெட்வொர்க்கிங்குக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் வராது. ஹால் இருக்கிறது, ஆட்கள் வருகிறார்கள், அவர்களே பேசிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் ஏற்பாடு.

பேசிக்கொள்வார்கள்தான், ஏற்கெனவே தெரிந்தவர்களோடு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கருவி வைத்தே அளந்தது. ஒரு மாலைச் சந்திப்புக்கு வந்த நூறு பேர் அளவிலான தொழில்துறையினருக்கு மின்னணு பேட்ஜ் மாட்டிவிட்டு, யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னவர்களே, வந்த பிறகு பழக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார்கள். நியூயார்க்கிலேயே இப்படி என்றால், வயதில் மூத்தவரிடம் தானாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கத் தயங்கும் நம் ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் பெண் வீட்டார் ஒரு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவதைப் போலத்தான் பெரும்பாலான சந்திப்புகள் முடிகின்றன.

ஆகவே எந்த முறையைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். தெரிந்தவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரை, அவருக்குப் பயன்படக்கூடிய தெரியாத ஒருவர் முன்னால், கூச்சப்படுத்தாமல் கொண்டுபோய் நிறுத்துகிறதா? "ஜாலியாக இருந்தது" என்று விருந்தினர் சொல்வது அடுத்த விஷயம்.

ஒப்பிட வசதியாக ஒரே கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை கிண்டியில் ஒரு ஹோட்டல் ஹால், வேலைநாள் மாலை 6 முதல் 9. அம்பத்தூரில் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் ஆர்டருக்குச் செய்துகொடுக்கும் வேலை) செய்கிறவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகன உதிரிபாக நிறுவனங்களின் பர்ச்சேஸ் ஆட்கள், ஓ.எம்.ஆரிலிருந்து சில மென்பொருள்காரர்கள், ஆடிட்டர்கள், வங்கிக்காரர்கள் என்று மொத்தம் 60 பேர். பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் தெரியும். 60 பேருக்குள் 1,770 ஜோடிகள் சாத்தியம். ஒரு மாலையில் அதில் சிறு பங்குதான் நடக்கும். அந்தப் பங்கில் யார் யார் என்பதைத் தற்செயலுக்கு விடுவதா, நாமே அமைப்பதா என்பதுதான் முடிவெடுக்க வேண்டியது.

மைக்கைச் சுற்றவிடுவது

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். எல்லோரும் நாற்காலியில் வரிசையாக உட்கார, மைக் கைமாறிக்கொண்டே போகும். ஆளுக்கு 30 விநாடி என்று அறிவிப்பார்கள். 60 பேருக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு. மைக் கைமாற, எழுந்து நிற்க, "எல்லோருக்கும் என் மாலை வணக்கம்" சொல்ல என்று சேர்ந்து ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குக் குறையாது. நடுவில் நாலைந்து பேர் கம்பெனி தொடங்கிய வரலாற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். இருபதாவது ஆளுக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. தன் முறை வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தான் சொல்லப்போவதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார், தன் முறை முடிந்ததும் போனை எடுத்துவிடுவார்.

20 பேருக்குள் என்றால் இந்த முறை மோசமில்லை. செலவில்லை, யாரும் விடுபடுவதில்லை, கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அப்போதும் மூன்று விஷயங்கள் மட்டும் சொல்லவைக்க வேண்டும்: பெயர், என்ன செய்கிறீர்கள், இப்போது எது தேவை. மூன்றாவதைக் கேட்காவிட்டால் மற்ற இரண்டும் விசிட்டிங் கார்டிலேயே இருக்கிறது. "எனக்கு 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷீட் லேசர் கட்டிங் செய்ய திருமுடிவாக்கம் பக்கம் ஆள் வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், காபி இடைவேளையில் அவரைத் தேடி ஒருவராவது வருவார். நம் 60 பேருக்கு இந்த முறை ஆகாது.

வேக அறிமுகம்

இரண்டு வரிசை நாற்காலி, எதிரெதிரே முகம். நான்கு நிமிடம் பேச்சு, மணி அடித்ததும் ஒரு வரிசை மட்டும் ஒரு நாற்காலி நகரும். நகர ஒரு நிமிடம் சேர்த்தால் சுற்றுக்கு ஐந்து நிமிடம். எட்டுச் சுற்று 40 நிமிடம், ஆளுக்கு எட்டுப் புதியவர்கள். எட்டுக்கு மேல் போனால் தொண்டை கட்டிவிடும். முதலில் பார்த்தவரின் முகமும் மறந்துபோகும்.

தாளில் எழுதும்போது எளிதாகத் தெரியும் இந்த முறைக்குள் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் நிறைய. ஒரே கம்பெனியிலிருந்து வந்தவர்களை ஒரே வரிசையில் உட்காரவைக்க வேண்டும். எதிரெதிர் வரிசையில் வைத்தால் தினமும் பார்க்கும் முகத்தோடு நான்கு நிமிடம் வீணாகும். ஒரே வரிசையில் வைத்தாலும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் எதிரில் இருப்பவர் ஒரே கம்பெனியின் கதையை இரண்டு முறை கேட்பார். எட்டுச் சுற்று என்றால் இருவருக்கும் நடுவே குறைந்தது எட்டு இடம் தள்ளி இருக்க வேண்டும், வரிசை முடிந்து திரும்ப ஆரம்பிக்கும் பக்கத்திலிருந்து எண்ணினாலும் எட்டு. 30 பேர் வரிசையில் ஒரே கம்பெனிக்கு மூன்று பேர் வரை இப்படிப் பிரித்துவிடலாம்.

வயதானவர்களும் வாங்கும் இடத்தில் இருப்பவர்களும் உட்கார்ந்தே இருக்கட்டும், விற்கிறவர்கள் நகரட்டும். 70 வயது மில் முதலாளியை மணியடித்து எழுப்பி நகர்த்தினால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவர் எதிரே காலி நாற்காலியோடு உட்கார்ந்திருப்பார், அதைப்போல அவமானம் வேறில்லை. அமைப்பின் ஆள் ஒருவர் நிரப்பத் தயாராக நிற்க வேண்டும்.

பெரிய சிக்கல் சத்தம். ஒரே நேரத்தில் 30 பேர் பேசுவார்கள். உயரம் குறைந்த கூரை உள்ள ஹாலில் பக்கத்து ஜோடியை மீறிப் பேச எல்லோரும் குரலை உயர்த்த, ஐந்தாவது நிமிடத்தில் மீன் மார்க்கெட். ஜோடிக்கு ஜோடி ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும், அதாவது 30 ஜோடிக்கு 45 மீட்டர் வரிசை. எந்த ஹோட்டல் ஹாலிலும் நேர்கோட்டில் அது வராது. ப வடிவத்தில் மடக்கித்தான் போட முடியும். மடங்கும் மூலையில் யார் எங்கே நகர்வது என்று குழம்பாமல் இருக்கத் தரையில் டேப் ஒட்டி அம்புக்குறி போடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், வேக அறிமுகம் ஒரே தரத்தில், ஒரே தேவையோடு இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். ஸ்டார்ட்அப் நிறுவனர்கள், வேலை தேடும் பட்டதாரிகளும் எச்.ஆர்.காரர்களும், ஃப்ரீலான்சர்கள் என்றால் தாராளமாக வைக்கலாம். ஆடிட்டரும் லேத் பட்டறைக்காரரும் வங்கி மேலாளரும் கலந்த கூட்டத்தில் எட்டுச் சந்திப்பில் ஆறு "சரி சார், பார்ப்போம் சார்" என்று முடியும்.

எண் மேஜை

60 பேருக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒன்பது வட்ட மேஜைகள், மேஜைக்கு ஏழு பேர் வரை, 18 நிமிடம் வீதம் மூன்று சுற்று. ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் நகராமல் இருப்பார், அவர்தான் மேஜைப் பொறுப்பாளர். மற்றவர்கள் சுற்றுக்கு ஒரு மேஜை மாறுவார்கள்.

யார் எந்த மேஜை என்று அவரவர் விருப்பத்துக்கு விட்டால் கதை கெட்டது. "ஏற்றுமதி", "வங்கிக் கடன்", "ஆட்டோமேஷன்" என்று தலைப்பு எழுதி வைத்து, பிடித்த மேஜைக்குப் போங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நண்பர்கள் நாலு பேர் ஒன்றாகக் கிளம்பி ஒரே மேஜைக்குப் போவார்கள், மூன்று சுற்றிலும். ஆகவே எண் நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மென்பொருள் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும்.

மேஜைகளுக்கு 1 முதல் 9 வரை எண். ஒவ்வொரு மேஜையிலும் இருக்கைகளுக்கு 0 முதல் 6 வரை எண். முதல் சுற்றில் அவரவர் மேஜை. இரண்டாம் சுற்றுக்கு, தன் மேஜை எண்ணோடு தன் இருக்கை எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் சுற்றுக்கு இன்னொரு முறை கூட்ட வேண்டும். 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழித்துவிடலாம். மேஜை 3, இருக்கை 2 என்றால் அவருடைய பாதை 3, 5, 7. மேஜை 8, இருக்கை 4 என்றால் 8, 3, 7. இருக்கை 0 உள்ளவர் எங்கேயும் நகரமாட்டார், பொறுப்பாளர் இடம் அவருக்கு. இந்த ஏற்பாட்டில் எந்த இருவரும் ஒரே மேஜையில் இரண்டு முறை சந்திக்கமாட்டார்கள். ஆளுக்கு 18 வேறு வேறு முகங்கள்.

இதில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. ஒரே இருக்கை எண் உள்ள, வேறு வேறு மேஜைகளில் தொடங்கும் இருவர் மூன்று சுற்றிலும் சந்திக்கவே மாட்டார்கள். ஆகவே ஒரே கம்பெனி ஆட்களுக்கும், எப்போதும் சேர்ந்தே திரியும் நண்பர்களுக்கும், முகம் கொடுத்துப் பேசாத இரண்டு போட்டியாளர்களுக்கும் ஒரே இருக்கை எண்ணைக் கொடுத்துவிட வேண்டியதுதான். யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

நிபந்தனை இரண்டு. மேஜைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எட்டு மேஜை போட்டால் முதல் சுற்றில் பார்த்த ஒருவரை மூன்றாம் சுற்றில் மீண்டும் பார்க்க நேரும். மேஜைக்கு உட்காருகிறவர்களின் எண்ணிக்கை மேஜைகளின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. 40 பேருக்கு ஏழு மேஜை, 75 பேருக்குப் பதினொன்று.

வராதவர்களால் காலியாகும் இடத்தை நிரப்ப யாரையும் இடம் மாற்றாதீர்கள், மாற்றினால் முழுக் கணக்கும் குலையும். ஒரு மேஜையில் ஐந்து பேர் இருந்தால் பேச்சு இன்னும் நன்றாகவே இருக்கும். காலி இடங்களின் எண்ணைத் தாமதமாக வருகிறவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு மேஜை மூன்று பேருக்குக் குறைந்தால் அந்தச் சுற்றுக்கு மட்டும் பொறுப்பாளர் அவர்களைப் பக்கத்து மேஜைக்கு அழைத்துப் போகட்டும்.

ஹோட்டல்காரர்கள் வழக்கமாகப் பத்துப் பேர் உட்காரும் ஆறடி வட்ட மேஜையைத்தான் போடுவார்கள். அதில் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பேச்சு இரண்டு மூன்றாக உடையும். ஐந்தடி மேஜை இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். நடுவில் பூ ஜாடி வேண்டாம், முகம் மறைக்கும். தண்ணீர் பாட்டிலும் எண் பலகையும் போதும்.

பொறுப்பாளர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் இந்த முறையின் வெற்றி தோல்வி. பேசத் தெரிந்தவரைவிடப் பேச்சை வெட்டத் தெரிந்தவர் வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் அறிமுகம், அதில் ஏழு நிமிடம் போகும். மிச்சம் பதினொரு நிமிடம் ஒரே ஒரு கேள்வி. "இந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு ஆள் கிடைக்காமல் நிற்கிற வேலை எது?" போன்ற கேள்வியாக இருக்கட்டும். "தொழில்துறையின் எதிர்காலம்" என்று கேட்டால் ஒருவர் மட்டும் பேசுவார். தமிழில் ஆரம்பிப்பது பொறுப்பாளரின் வேலை. மேடையில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டால், 30 ஆண்டு அனுபவம் உள்ள டூல் ரூம்காரர் மேஜையிலும் வாய் திறக்கமாட்டார்.

ஆள் வைத்து அறிமுகம் செய்வது

எண்ணிக்கையில் இது குறைவு, மதிப்பில் அதிகம். அமைப்பின் மூத்த உறுப்பினர்கள் ஐந்து பேரிடம் விருந்தினரைப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒருவருக்குப் பன்னிரண்டு பேர். காபி நேரத்தில் 45 நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னால் 25 நிமிடம் கிடைத்தால் ஒருவர் சுமார் 15 அறிமுகம் செய்துவைக்கலாம். ஐந்து பேரும் சேர்ந்து 75 அறிமுகம். ஒவ்வொன்றிலும் இருவர் என்பதால் தலைக்கு இரண்டு அல்லது மூன்று புதியவர்கள்தான். மேஜை முறையின் 18-க்கு முன்னால் இது அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த 18 பேரும் எண் போட்ட வரிசைப்படி வந்தவர்கள், இந்த மூன்று பேர் காரணம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

சென்னையில் இந்த முறைக்குத் தனிப் பலம் உண்டு. இளைஞர் ஒருவர் நேராகப் போய் ஒரு பெரிய கம்பெனியின் துணைத் தலைவரிடம் கை நீட்டமாட்டார். நடுவில் இருவருக்கும் தெரிந்த ஒருவர் நின்றால் தயக்கம் போய்விடும். அந்தத் தெரிந்தவரின் பேச்சுக்காகவே எதிராளியும் ஐந்து நிமிடம் ஒதுக்குவார். பெண்கள் நாலைந்து பேர் மட்டுமே இருக்கும் தொழில் அமைப்புக் கூட்டங்களில் இது இன்னும் தேவை. தானாக வந்து பேசுகிறவர்களைவிட, ஒருவர் காரணம் சொல்லி அறிமுகம் செய்துவைத்தவர்களோடு பேச்சு நேராகத் தொழிலுக்குப் போகும்.

எப்படி அறிமுகம் செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. "இவர் பெரிய ஆள் சார்" என்பது அறிமுகமல்ல. பெயர், வேலை, காரணம் மூன்றும் வேண்டும்: "சார், இவர் முருகன், அம்பத்தூரில் அலுமினியம் டை காஸ்டிங் செய்கிறார். உங்கள் புது பிளான்டுக்கு ஹவுசிங் பார்ட்ஸ் தேடுவதாக ஃபார்மில் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் அழைத்து வந்தேன்." சொல்லிவிட்டு அரை நிமிடம் நின்று, பேச்சு தொடங்கியதும் நகர்ந்துவிட வேண்டும். அங்கேயே நின்றால் இருவரும் அறிமுகம் செய்தவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார்கள். மூத்தவரிடம் இளையவரை அழைத்துப் போவதுதான் மரியாதை, மூத்தவரை இழுத்து வரக் கூடாது.

யாரை நியமிப்பது? தலைவரும் செயலாளரும் வேண்டாம், அவர்கள் சிறப்பு விருந்தினரோடு மாட்டிக்கொள்வார்கள். ஈவென்ட் கம்பெனி அனுப்பும் வரவேற்புப் பெண்களாலும் முடியாது, அவர்களுக்கு டை காஸ்டிங்குக்கும் ஃபோர்ஜிங்குக்கும் வித்தியாசம் தெரிய நியாயமில்லை. முன்னாள் தலைவர்கள் சரியான தேர்வு: எல்லோரையும் தெரியும், அன்று வேறு வேலையும் இருக்காது. அவர்கள் கைக்கு முந்தின நாளே ஒரு பக்கப் பட்டியல் போய்விட வேண்டும். பன்னிரண்டு பெயர், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சந்திக்கவேண்டிய இரண்டு பெயர், ஏன் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரி எங்கிருந்து வரும்? பதிவுப் படிவத்திலிருந்து. அதில் மூன்று கேள்வி போதும்: என்ன செய்கிறீர்கள் (ஒரே வரியில்), இப்போது என்ன தேடுகிறீர்கள், உங்களோடு யார் வருகிறார்கள். "ஆர்வமுள்ள துறைகள்" என்று டிக் அடிக்கும் பெட்டிகளை வைக்காதீர்கள், எல்லோரும் எல்லாவற்றையும் டிக் அடிப்பார்கள். பதிவை நான்கு நாள் முன்னதாக மூடினால்தான் பட்டியல் போட அவகாசம் கிடைக்கும். 60 படிவத்தை ஒருவர் உட்கார்ந்து படித்து ஜோடி சேர்க்க ஒரு முழு மாலை ஆகும். இந்த வேலையைச் செய்ய ஆள் இல்லையென்றால் இந்த முறையையே எடுக்காதீர்கள்.

ஆப், முன்பதிவுச் சந்திப்பு, வாட்ஸ்அப்

60 பேர் கூட்டத்துக்கு ஆப் வேண்டாம். ஒரு மாலைக்காக யாரும் டவுன்லோடு செய்யமாட்டார்கள். செய்ய முன்வந்தாலும், பல ஹோட்டல்களில் ஹால் தரைத்தளத்துக்குக் கீழே இருப்பதால் சிக்னல் இல்லாமல் ஓ.டி.பி. வராது, ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்கில் கூட்டம் சேரும்.

300 பேருக்கு மேல், நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் இரண்டு நாள் கண்காட்சி என்றால் நிலைமை வேறு. அங்கே வாங்குபவர், விற்பவர் நேர்முகச் சந்திப்புக்கு முன்பதிவு முறைதான் சரி. பத்து வாங்குபவர்கள், ஆளுக்குப் பன்னிரண்டு சந்திப்பு, ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்றால் 120 சந்திப்பு. விற்பவர்கள் 60 பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு கிடைக்கும். தேர்வு உரிமையை வாங்குபவருக்கு முதலில் கொடுங்கள், விற்பவர்கள் எல்லோரும் ஒரே பெரிய கம்பெனியைத்தான் கேட்பார்கள். நான்கு சந்திப்புக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவெளி வைக்காவிட்டால், சந்திப்புக்கு மூன்று நிமிடம் வீதம் தள்ளிப்போனாலே பன்னிரண்டாவது ஆள் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பார். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் வர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஒரு ஜூனியர் வந்து எல்லோரிடமும் "மெயில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது இந்த வகைச் சந்திப்புகளின் பழைய வியாதி.

வாட்ஸ்அப் குழு இலவசம், எல்லோருக்கும் பழக்கம். ஆனால் 60 பேரின் எண்ணும் 60 பேருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் காலை வணக்கப் படங்கள், மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் விளம்பரம், நான்காம் நாள் பெரிய கம்பெனிக்காரர்கள் வெளியேறுவார்கள். குழு வைத்தே ஆக வேண்டுமென்றால் அட்மின் மட்டும் பதிவிடும் அமைப்பில் வையுங்கள். எண்ணைப் பகிரலாமா என்று பதிவுப் படிவத்திலேயே சம்மதம் கேட்பது நல்லது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான். சட்டத்தை விட்டாலும், பெண் தொழில்முனைவோர் பலர் எண் கொடுக்க விரும்பாமலே பதிவு செய்யாமல் இருந்துவிடுகிறார்கள்.

பேட்ஜ்

எந்த முறையை எடுத்தாலும் இது வேண்டும், பெரும்பாலும் தப்பாகவே அச்சாகிறது. விசிட்டிங் கார்டு அளவில், மேலே அமைப்பின் லோகோ, நடுவில் ஸ்பான்சர் லோகோ, கீழே பொடி எழுத்தில் பெயர். ஒருவர் நெஞ்சருகே குனிந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஏ6 அளவு, அதாவது 105 × 148 மி.மீ. எடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கும்படி பெயர் இருக்க வேண்டும், அச்சடிக்குமுன் ஒன்றைச் சுவரில் ஒட்டி எட்ட நின்று பார்த்துவிடுங்கள். பதவிக்குப் பதிலாக வேலையைப் போடுங்கள். "மேனேஜிங் டைரக்டர்" என்பதிலிருந்து பேச்சு தொடங்காது, "சி.என்.சி. ஜாப் ஒர்க், அம்பத்தூர்" என்பதிலிருந்து தொடங்கும். இனிஷியலா, முழுப் பெயரா, எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதைப் படிவத்தில் கேட்டு அப்படியே அச்சிடுங்கள். கழுத்து டேக் எப்படியும் திரும்பிக்கொள்ளும், இரண்டு பக்கமும் அச்சு வேண்டும். மேஜை எண்கள் மூன்றும் இதிலேயே வந்துவிடும்.

முறையைக் கெடுக்கும் சில சின்ன விஷயங்கள்

சாப்பாடு திறந்ததும் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். இடது கையில் தட்டு, வலது கையில் சாம்பார் சாதம். கார்டு வாங்கவும் முடியாது, போன் எடுத்து கியூ.ஆர். ஸ்கேன் செய்யவும் முடியாது. வாங்கினாலும் எங்கே வைப்பது? ஆகவே திட்டமிட்ட சந்திப்பு எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். மாலைச் சிற்றுண்டியும் ஒரு கையால் முடிகிற மாதிரி இருக்கட்டும். சட்னி தொட்டுச் சாப்பிடும் இட்லி, பொங்கல் வேண்டாம். கட்லெட், சமோசா, பேப்பர் கப்பில் காபி சரி. உயர மேஜைகள் நாலைந்தை நடுவில் போட்டால் கப்பை வைக்க இடம் கிடைக்கும், அங்கேயே பேச்சும் சேரும். ஓரமாக நாற்காலி வரிசை போட்டால் எல்லோரும் அதில்தான் போய் உட்காருவார்கள்; வயதானவர்களுக்கு என்று பத்து நாற்காலி மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

வாசலில் நாதஸ்வரம் வைப்பது சிலருக்கு ஆசை. வரவேற்பாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கும், பெயர் சொன்னால்தான் காதில் விழாது. ஹாலுக்குள் பின்னணி இசையையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

6 மணி என்று போட்டால் 6-க்கு வருகிறவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் மட்டும்தான். ஒரகடத்திலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கத்திப்பாரா ஏரியாவைத் தாண்டுவதே ஒரு வேலை. 6 முதல் 6.45 வரை காபியும் ஆள் வைத்த அறிமுகமும் நடக்கட்டும். தாமதமாக வருகிறவர் இதில் எந்த நிமிடமும் சேர்ந்துகொள்ளலாம். மேஜைச் சுற்று 6.50-க்கு முன் வேண்டாம். மூன்று சுற்றும் நகரும் நேரமும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், 7.55-க்கு முடியும். 8.20 வரை சூப்போடு நின்றபடி இரண்டாம் கட்ட அறிமுகம், அதன் பிறகு சாப்பாடு. இந்த வரிசையில் சிறப்பு விருந்தினரின் உரைக்கு இடமே இல்லையே என்றால், ஆமாம், இல்லை. தவிர்க்க முடியாதென்றால் ஐந்து நிமிடம், காபி முடிந்ததும், உட்கார நாற்காலி இல்லாத நிலையில் வையுங்கள். பேசுகிறவருக்கும் நேரம் தெரியும்.

மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஹால் எடுத்தால் 9 மணிக்கு முன்னால் கிளம்பும் அவசரம் குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் வராதவர் எண்ணிக்கை கூடும். அப்போது ஒன்பது மேஜைக்கு எண் போட்டுவைத்தாலும், அன்று மதியம் ஆளுக்கொரு வாட்ஸ்அப் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏழு மேஜைப் பட்டியலையும் தயாராக வைத்திருங்கள். ஏழு மேஜை, மேஜைக்கு ஏழு பேர் என்றால் 49 பேர் வரை தாங்கும்.

ஆக, நம் கிண்டிக் கூட்டத்துக்கு எண் மேஜையும் ஆள் வைத்த அறிமுகமும் சேர்ந்த கலவை. படிவம் படிக்க ஆள் இல்லையென்றால் மேஜை மட்டும். மேஜை போட இடமில்லாத சின்ன ஹால் என்றால் கூட்டத்தையே 40-க்குக் குறைத்து ஆள் வைத்த அறிமுகம் மட்டும். 20 பேருக்குள் மைக். நூறைத் தாண்டினால் மேஜைக்கணக்கு கையாள முடியாததாகிவிடும், ஹாலை இரண்டாகப் பிரித்து இரண்டு கூட்டமாக நடத்துவது நல்லது.

வெளியே போகும் வழியில் பேட்ஜைத் திரும்பப் போடும் பெட்டி ஒன்று, பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு. "மீண்டும் பேச விரும்பும் இரண்டு பெயர்" என்று ஒரே கேள்வி. இருவரும் ஒருவரையொருவர் எழுதியிருந்தால் மறுநாளே இருவருக்கும் ஒரே மெயிலில் தொடர்பு கொடுத்துவிடலாம். ஒருவர் மட்டும் எழுதியிருந்தால், மற்றவரிடம் கேட்டுவிட்டுத்தான் எண்ணைக் கொடுக்க வேண்டும். சம்மதித்தவர்களின் பெயர், தொழில், தேவை மூன்றையும் ஒரே பக்கப் பட்டியலாக 48 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். வாரம் கழித்து அனுப்பினால் முகம் நினைவிருக்காது. யார் யார் பெயரை ஒருவரும் எழுதவில்லை என்று குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த கூட்டத்தில் அந்த விருந்தினர்களை அறிமுகம் செய்துவைக்கும் எந்த மூத்த உறுப்பினரின் பட்டியலில் முதலில் போடுவது என்று தெரிந்துவிடும்.